எந்தத் தொடக்கக் காரணியை ப்ராஜெக்டுக்கு எடுப்பது?

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு "எல்லா உயிரிலும் மாறாமல் இருக்கிற புரதம் ஏதாவது ஒன்று சொல்லுங்கள் சார்" என்று கேட்டு வருகிற மாணவர்களுக்கு நான் பெரும்பாலும் கைகாட்டுவது புரதத் தொகுப்பின் தொடக்கக் காரணிகளைத்தான். மதுரையில் உயிரித் தொழில்நுட்பமும் நுண்ணுயிரியலும் சொல்லித்தரும் கல்லூரிகள் நிறைய. எல்லாவற்றிலும் பெரிய லேப் கிடையாது. ஒரு லேப்டாப், ஒரு பிசிஆர் கருவி, ஒரு ஜெல் பெட்டி, சில மாத அவகாசம். பலருக்கு வாய்ப்பது இவ்வளவுதான். இதை வைத்து உருப்படியான ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்கு உருப்படியான பதிலோடு வைவாவில் உட்கார வேண்டும். தொடக்கக் காரணிகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் அவற்றில் எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வேலை இனிமையாகவும் போகலாம், கடைசி மாதத்தில் கழுத்தையும் பிடிக்கலாம். அதனால் முக்கியமான சிலவற்றை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

விஷயம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போகலாம். செல்லில் புரதத்தைக் கட்டும் எந்திரமான ரைபோசோமுக்கு இரண்டு துண்டுகள். சிறு துண்டு முதலில் தூதுவ ஆர்என்ஏவைப் பிடிக்கும். ஏயூஜி என்ற தொடக்கக் குறியீடு எங்கே என்று பார்க்கும். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் தொடக்க டிஆர்என்ஏ அங்கே பி இடம் என்ற இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் பெரிய துண்டு வந்து சேரும். இதெல்லாம் வரிசை தப்பாமல் நடக்கப் பார்த்துக்கொள்பவைதான் தொடக்கக் காரணிகள். ஓர் எழுத்து தள்ளி ஆரம்பித்தாலும் முழுப் புரதமும் பாழ்.

பாக்டீரியா இந்த வேலையை ஐஎஃப்1, ஐஎஃப்2, ஐஎஃப்3 (ஐஎஃப் என்றால் இனிஷியேஷன் ஃபேக்டர், தொடக்கக் காரணி) என்று மூன்றே காரணிகளை வைத்து முடித்துவிடுகிறது. யூகேரியோட்டுகளுக்கு, அதாவது நமக்கும் நெல்லுக்கும் ஈஸ்டுக்கும், பத்துக்கு மேல் வேண்டியிருக்கிறது. அதில் இஐஎஃப்3 (முன்னால் வரும் இ யூகேரியோட்டைக் குறிக்கும்) என்ற ஒன்று மட்டுமே மனிதரில் 13 துணைப்புரதங்கள் சேர்ந்த கூட்டம். மூன்றாவது ராஜ்ஜியம் ஆர்க்கியா. பார்வைக்குப் பாக்டீரியா மாதிரிதான் இருக்கும், உட்கரு கிடையாது. ஆனால் அதன் தொடக்கக் காரணிகளின் பட்டியலைப் பார்த்தால் நம் பக்கம் நிற்கிறது. இவற்றை எங்கோ எரிமலையில்தான் தேட வேண்டும் என்றில்லை. அலங்காநல்லூர் காளையின் இரைப்பையிலும் சாண எரிவாயுக் கலனிலும் மீத்தேன் தருபவை ஆர்க்கியாதான். தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி சிவக்கும்போது அதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-ல் ரைபோசோம் ஆர்என்ஏவை ஒப்பிட்டு ஆர்க்கியாவைத் தனிக் கிளையாகப் பிரித்தார்கள். 1996-ல் முதல் ஆர்க்கியாவின் முழு மரபணுத் தொகுதி வெளியானது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1998-ல், கிர்பிடெஸும் வூஸும் சேர்ந்து, தொடக்கக் காரணிகளில் சில மூன்று கிளைகளுக்கும் பொதுவானவை என்று எழுதினார்கள். அதுவரை பலர் நினைத்திருந்தது வேறு: பாக்டீரியாவின் தொடக்க முறைக்கும் நம்முடைய முறைக்கும் சம்பந்தமே இல்லை என்று.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பு பெயரில் இருக்கும் ஒரு பொறியைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் காரணிகளுக்கு எண் போட்டது பிரித்தெடுத்த வரிசைப்படி. உறவு பார்த்து அல்ல. பாக்டீரியாவின் ஐஎஃப்1-க்கு நம்மிடம் இருக்கும் சொந்தம் இஐஎஃப்1 இல்லை, இஐஎஃப்1ஏ. ஐஎஃப்2-க்குச் சொந்தம் இஐஎஃப்2 இல்லை, இஐஎஃப்5பி. ஐஎஃப்3-க்கும் இஐஎஃப்3-க்கும் எந்த ஒட்டும் கிடையாது. மதுரை பஸ் ஸ்டாண்டில் நின்று "பாண்டி" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதற்காக அவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள். எண்ணை நம்பி ஐஎஃப்2-யும், இஐஎஃப்2-இன் துணைப்புரதங்களில் ஒன்றான காமாவும் ஒன்று என்று அட்டவணை போட்டு வந்த ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே அடித்தளம் சரிந்துவிட்டால் பிறகு எவ்வளவு அழகான பரிணாம மரம் வரைந்தும் பயனில்லை.

எந்தக் காரணியை எடுத்தாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. இரண்டும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவையா? ரைபோசோமில் ஒரே இடத்தில் உட்காருகின்றனவா? ஒரே வேலையைச் செய்கின்றனவா? "பாதுகாக்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லில் இந்த மூன்றையும் போட்டுக் கலக்கிவிடுகிறோம். ஒவ்வொரு காரணியும் இந்த மூன்றுக்கும் வெவ்வேறு பதில் சொல்கிறது. அதனால்தான் தேர்வு முக்கியம்.

ஐஎஃப்2 – இஐஎஃப்5பி

முதல் தடவை ஆய்வு செய்கிற மாணவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதை. காரணம் எளிது: மூன்று கிளையிலும் இருக்கிறது, அமினோ அமில வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் கண்ணுக்கே தெரிகிறது.

இது ஜிடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை உடைக்கும் புரதம். ஜிடிபி வந்து பிடிக்கும் பகுதியில், ஈ.கோலையின் ஐஎஃப்2-யில் இப்படி ஒரு வரிசை வரும்: கிளைசின், ஹிஸ்டிடின், வாலின், ஆஸ்பார்டிக் அமிலம், ஹிஸ்டிடின், கிளைசின், லைசின், திரியோனின். மனிதரின் இஐஎஃப்5பி-யில் அதே இடத்தைப் பாருங்கள். எட்டில் ஏழு அப்படியே இருக்கும். ஐந்தாவதில் மட்டும் ஹிஸ்டிடினுக்குப் பதில் திரியோனின். சரி, ஜிடிபி பிடிக்கும் புரதங்கள் பலவற்றில் இந்த மாதிரி வரிசை உண்டு, இது மட்டும் போதாது என்று வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளர் ஒருவர் கேட்கலாம். அவருக்கு அடுத்த வரியைக் காட்டுங்கள். கொஞ்சம் தள்ளி அலனின், கிளைசின், கிளைசின், ஐசோலூசின், திரியோனின், குளூட்டமின் என்று ஆறு வரும். பிறகு ஓர் இடம் மாறலாம். அப்புறம் ஐசோலூசின், கிளைசின், அலனின். ஈ.கோலை, மீத்தேன் ஆர்க்கியா, மனிதர் மூன்றிலும் இது இருக்கிறது. காளை வயிற்றின் கிருமிக்கும் அந்தக் காளையைப் பிடிக்கப் பாய்கிற மாடுபிடி வீரருக்கும் பொதுவான எழுத்துகள் திரையில் ஒரே நேர்கோட்டில் விழுவதைப் பார்க்கும் மாணவரின் முகத்தை நான் ஒவ்வொரு முறையும் கவனிப்பேன். பாடப்புத்தகத்தில் வராத ஒன்று அங்கே நடக்கிறது.

அடுக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். ஈ.கோலையின் ஐஎஃப்2-வுக்கு 890 அமினோ அமிலங்கள், மனித இஐஎஃப்5பி-க்கு 1,220. முன்பாதி ஒவ்வொரு உயிரிலும் தன் போக்கில் வளர்ந்து கிடக்கிறது. பாதுகாக்கப்பட்ட பகுதி பின்பாதியில்தான். மனிதப் புரதத்தின் முதல் 586 அமினோ அமிலங்களை வெட்டிவிட்டு மீதியை வைத்தே ஆய்வுக்கூடங்களில் சோதனை செய்கிறார்கள், அது வேலை செய்கிறது. முழு நீளத்தையும் அப்படியே கிளஸ்டல் ஒமேகா என்ற அடுக்கும் மென்பொருளில் போட்டால் வருவது இடைவெளிக் கோடுகள் நிறைந்த குப்பை. முதலில் வெட்டுங்கள், எங்கே வெட்டினோம் என்பதை ஆய்வேட்டில் எழுதுங்கள், பிறகு அடுக்குங்கள்.

செயல்பாட்டுச் சான்றும் இதற்குப் பலமானது. ஈஸ்டில் இதற்கு இணையான புரதம் இருப்பதை 1998-ல் தாமஸ் டெவர் குழு காட்டியது. அடுத்த வருடமே ஈஸ்டின் புரதத்தை நீக்கிவிட்டு ஆர்க்கியாவின் புரதத்தை வைத்துப் பார்த்தார்கள். அது ஈஸ்டுக்குள் வேலை செய்தது. 2000-த்தில் மீத்தேன் ஆர்க்கியாவின் புரத அமைப்பு எக்ஸ்ரே படிகவியலில் கிடைத்தது. ஜிடிபி பிடிக்கும் ஒரு முனையையும், தொடக்க டிஆர்என்ஏ பக்கம் நீளும் மறுமுனையையும் 40 ஆங்ஸ்ட்ராம் நீளமுள்ள ஒரு சுருள் இணைத்து நிற்கிறது. ஒரு முனையில் நடக்கும் சின்ன அசைவு அந்தச் சுருள் வழியாக மறுமுனையில் பெரிதாகத் தெரிகிறது. அந்த அமைப்பின் பிடிபி கோப்பை இறக்கி பைமோல் மென்பொருளில் திறந்தால் மாணவரே அளந்து பார்க்கலாம்.

ஆனால் மூன்றாவது கேள்விக்கு இது என்ன சொல்கிறது? பாக்டீரியாவில் ஐஎஃப்2-தான் ஃபார்மைல் மெத்தியோனின் சுமக்கும் டிஆர்என்ஏவை அடையாளம் கண்டு ரைபோசோமில் நிலைநிறுத்துகிறது. நம்மிடம் டிஆர்என்ஏவைக் கொண்டுவரும் அந்தப் பொறுப்பு இஐஎஃப்2-யிடம் போய்விட்டது. இஐஎஃப்5பி-க்கு மீதமானது இரண்டு துண்டுகளையும் சேர்த்துவைக்கும் வேலை. தத்யானா பெஸ்டோவா குழு 2000-த்தில் இதை நிறுவியது. வம்சம் ஒன்று, வேலையில் ஒரு பாதி கைமாறிவிட்டது. ஈ.கோலையில் இந்த மரபணு இல்லாவிட்டால் உயிர் இல்லை. ஈஸ்ட் அது இல்லாமலும் நோஞ்சானாக வளரும். இந்த வித்தியாசத்தைத் தொட்டு எழுதாத ஐஎஃப்2 ஆய்வேடு அரைகுறை.

ஐஎஃப்1 – இஐஎஃப்1ஏ

இதுவும் மூன்று கிளைக்கும் பொது. ஆனால் குட்டிப் புரதம். ஈ.கோலையில் 72 அமினோ அமிலம். மனிதரின் இஐஎஃப்1ஏ இருபுறமும் வால் வைத்து 144. நடுவில் இருப்பது ஐந்து பீட்டா இழைகள் சுருண்ட பீப்பாய், அதுதான் பொதுச்சொத்து. சிறிய புரதம் என்றால் சுலபம் என்று நினைத்து நிறையப் பேர் இதைக் கேட்கிறார்கள். உண்மையில் கணினி வேலைக்கு இது கஷ்டமானது. வரிசை குட்டையாக இருப்பதால், ஒத்த வரிசைகளைத் தேடித்தரும் பிளாஸ்ட் கருவியில் உண்மையான உறவும் தற்செயல் ஒற்றுமையும் ஒரே மதிப்பில் வந்து நிற்கும். ஈ.கோலை வரிசையைக் கொடுத்து மனிதப் புரதத்தைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பிஎஸ்ஐ-பிளாஸ்ட் மாதிரி சுயவிவரத் தேடலோ, முப்பரிமாண அமைப்பு ஒப்பீடோ தேவை.

அமைப்பு ஒப்பீட்டுக்கு அருமையான ஆதாரம் இருக்கிறது. சிதம்பரத்தில் பிறந்து 2009-ல் வேதியியல் நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனின் குழு, 2001-ல் ஐஎஃப்1 ரைபோசோமின் சிறு துண்டில் உட்கார்ந்திருக்கும் நிலையைப் படம்பிடித்தது. அது, அடுத்த டிஆர்என்ஏ வந்து சேரும் ஏ இடத்தில் உட்காருகிறது. சிறு துண்டில் உள்ள 16எஸ் ஆர்என்ஏவின் 1492, 1493 ஆகிய இரு அடினின்களை வெளியே புரட்டித் தள்ளி, நேரத்துக்கு முன்பே வேறு டிஆர்என்ஏ வந்து நுழையாதபடி வாசலை அடைக்கிறது. இஐஎஃப்1ஏ-யும் அதே ஏ இடத்தில்தான். ஆக இங்கே வம்சமும் ஒன்று, இடமும் ஒன்று.

நான் இந்தக் காரணியை விரும்புவதற்கு வேறொரு காரணம் உண்டு. ஈர லேப் வேலைக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு அது பொருந்தும். இலையின் பசுங்கணிகத்துக்கும் சொந்த ரைபோசோம் உண்டு, அது பாக்டீரியா வழி வந்தது. அதன் ஐஎஃப்1 மரபணு பசுங்கணிக டிஎன்ஏவிலேயே இருந்தது. 2001-ல் 300-க்கும் மேற்பட்ட பூக்கும் தாவரங்களைப் பார்த்த ஓர் ஆய்வு, ஏறக்குறைய 24 தனித்தனிக் கிளைகளில் இந்த மரபணு அங்கே செத்துப்போயிருப்பதைக் கண்டது. ரோசிட் என்ற பெருங்கூட்டத்தில் அநேகமாக எல்லாச் செடியிலும் போய்விட்டது. நான்கு கிளைகளில் தேடிப் பார்த்தபோது, அதே மரபணு செல்லின் உட்கருவுக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்து புரதம் பசுங்கணிகத்துக்கு அனுப்பப்படுவதற்கான அடையாளம் கிடைத்தது. நான்கு குடிபெயர்வும் தனித்தனியாக நடந்தவை.

இதை மதுரையிலேயே கையால் தொட்டுப் பார்க்கலாம். பசுங்கணிக டிஎன்ஏவில் இந்த மரபணுவுக்கு ஒரு பக்கம் ஆர்பிஎல்36, மறுபக்கம் ஆர்பிஎஸ்8 என்ற மரபணுக்கள். அவை இரண்டிலும் பிரைமர் வைத்து பிசிஆர் போட்டால் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். நெல்லில் மரபணு முழுசாக இருக்கிறது. மேலூர்ப் பக்கம் எந்த வயலிலும் இலை கிடைக்கும். பருத்தியும் வேம்பும் ரோசிட் கூட்டம். மல்லிகை ஆஸ்டரிட் கூட்டம். அதையும் சேர்த்தால் மரத்தின் இன்னொரு பெருங்கிளைக்கும் ஒரு சாட்சி வரும். ஜெல்லில் தெரியும் பட்டை அளவு மட்டும் போதாது, செத்த மரபணு அதே நீளத்திலேயே கிடக்கலாம். பிசிஆர் பொருளை வரிசையறிய அனுப்பி, நடுவில் நிறுத்தக் குறியீடு விழுந்திருக்கிறதா, எழுத்துகளை மும்மூன்றாகப் படிக்கும் சட்டகம் தப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பருத்தி இலையில் பாலிஃபீனாலும் கொழகொழப்பும் அதிகம். டிஎன்ஏ பழுப்பாக வந்து பிசிஆரைக் கெடுக்கும். விரிந்தும் விரியாத குருத்து இலையை அதிகாலையில் பறித்து, டிஎன்ஏ பிரிக்கும் சிடாப் கரைசலில், பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேர்த்து அரைத்தால் தப்பிக்கலாம்.

இதே கதையின் இன்னொரு முனை மைட்டோகாண்ட்ரியாவில். பாலூட்டிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் ஐஎஃப்1 கிடையாது. அங்கே இருக்கும் ஐஎஃப்2-யில் 37 அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கின்றன. அந்தச் செருகல்தான் ஐஎஃப்1-இன் வேலையையும் பார்த்துக்கொள்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் உமேஷ் வர்ஷ்னியும் அமெரிக்கக் கூட்டாளிகளும் 2008-ல் இதை ஈ.கோலையில் வைத்தே காட்டினார்கள். பசுங்கணிகத்தில் மரபணு இடம் மாறியது, புரதம் நிலைத்தது. மைட்டோகாண்ட்ரியாவில் புரதமே போய்விட்டது, வேலை நிலைத்தது. எது காக்கப்படுகிறது என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாக எழுப்பும் காரணி எனக்குத் தெரிந்து இல்லை.

ஐஎஃப்3-யும் இஐஎஃப்1-உம்

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி இது. ஆனாலும் எல்லோருக்கும் கொடுக்க மாட்டேன்.

இரண்டும் செய்வது ஒரே காவல் வேலை: தொடக்கக் குறியீடு சரியானதுதானா என்று பார்த்து, தவறானால் தட்டிவிடுவது. இரண்டும் சிறு துண்டில் பி இடத்தை ஒட்டி உட்காருகின்றன. ஆனால் வரிசையில் சொந்தம் தெரியவில்லை. ஐஎஃப்3-க்கு 180 அமினோ அமிலம், இரண்டு தனிப் பகுதிகள். மனித இஐஎஃப்1-க்கு 113, ஒரே பகுதி. இடம் ஒன்று, வேலை ஒன்று, குடும்பம் வேறு.

இவை தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் விதத்தைக் கேளுங்கள். ஈ.கோலையில் ஐஎஃப்3-இன் மரபணு ஏயூஜியில் ஆரம்பிப்பதில்லை. ஏயூயூ என்ற அபூர்வமான குறியீட்டில் ஆரம்பிக்கிறது. ஏயூயூ மாதிரி கோணல் தொடக்கங்களைத் தட்டிவிடுவதுதான் ஐஎஃப்3-இன் தொழிலே. ஆக, செல்லில் ஐஎஃப்3 மிகுந்தால் அது தன் சொந்த மரபணுவின் தொடக்கத்தையே நிராகரிக்கும், உற்பத்தி குறையும். ஐஎஃப்3 குறைந்தால் காவல் தளரும், ஏயூயூ உள்ளே வரும், உற்பத்தி ஏறும். இப்போது நம் பக்கம் வாருங்கள். இஐஎஃப்1-இன் தூதுவ ஆர்என்ஏவில் ஏயூஜிதான் இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றியுள்ள எழுத்துகள் சரியில்லாத, பலவீனமான சூழலில். பலவீனமான சூழலில் இருக்கும் ஏயூஜியைத் தட்டிவிடுவது இஐஎஃப்1-இன் தொழில். அதே சுழற்சி, அதே தற்கட்டுப்பாடு. 2010-ல் இது வெளியானது. வம்சத் தொடர்பு தெரியாத இரண்டு புரதங்கள் ஒரே உபாயத்தைத் தனித்தனியாகக் கண்டடைந்திருக்கின்றன. கோடிக்கணக்கான வருட இடைவெளியில் நின்று இதைப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கிறது.

பிறகு ஏன் எல்லோருக்கும் கொடுப்பதில்லை? இங்கே பிளாஸ்டும் மரமும் கைகொடுக்காது. இரண்டையும் அடுக்கினால் வரும் கோடுகளுக்கு அர்த்தமில்லை, அதிலிருந்து மரம் வரைந்தால் பொய் மரம். இன்னொரு சிக்கல்: இஐஎஃப்1-க்கு உண்மையான சொந்தமாக ஒரு குட்டிப் புரதம் ஈ.கோலை உட்படச் சில பாக்டீரியாக்களில் இருக்கிறது, ஒய்சிஐஎச் என்று பெயர். அது ஐஎஃப்3 இல்லை. தேடலில் அது கிடைத்ததும் "பாக்டீரியாவின் ஐஎஃப்3 கிடைத்துவிட்டது" என்று குதிக்கிறவர்கள் உண்டு. 2006-ல் பெஸ்டோவா குழு இந்த மூன்றையும் சோதனைக் குழாயில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது. ஒன்றின் வேலையில் சிலவற்றை மற்றொன்று செய்தது. வேலைச் சான்றையும் வம்சச் சான்றையும் பிரித்து எழுதத் தெரிந்த, அமைப்புகளோடு பொறுமையாக உட்காரக்கூடிய மாணவருக்கு இது தங்கச் சுரங்கம். வரிசை அடுக்குவது மட்டுமே தெரிந்தவருக்குப் புதைகுழி.

இஐஎஃப்2

இது ஆர்க்கியாவிலும் யூகேரியோட்டிலும் மட்டும். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று துணைப்புரதங்கள். பாக்டீரியாவில் இல்லை என்பதே இதன் செய்தி: தொடக்க எந்திரத்தில் நாம் ஆர்க்கியாவின் பக்கம். கேள்வி "யூகேரியோட் எங்கிருந்து வந்தது" என்றால் இதை எடுக்கலாம்.

பொறி காமாவில் இருக்கிறது. அது, டிஆர்என்ஏவை ரைபோசோமுக்குக் கொண்டுவரும் பாக்டீரியாவின் ஈஎஃப்-டியூ, செல்பி ஆகிய புரதங்களின் பங்காளி. மனித காமாவைக் கொடுத்து பாக்டீரியாவில் தேடினால் அவை நல்ல மதிப்போடு வந்து நிற்கும். அவற்றை "பாக்டீரியாவின் இஐஎஃப்2" என்று எழுதிவிடக் கூடாது. பிரதி எடுத்துப் பிரிந்த வேறு கிளை. கிடைத்ததைத் திருப்பிப் போட்டு மனிதப் புரதங்களில் தேடுங்கள், காமாவே முதலில் வருகிறதா, வேறொன்று வருகிறதா என்று தெரிந்துவிடும். இப்படிப் பிரிந்த பங்காளிகளுக்கும் ஒரு பயன் உண்டு. 1989-ல் ஜப்பானில் இவாபே குழு, ஈஎஃப்-டியூவையும் அதன் இன்னொரு பங்காளியான ஈஎஃப்-ஜியையும் வைத்துத்தான் உயிர் மரத்தின் வேர் எங்கே என்று பார்த்தது.

மருத்துவ ஆசை உள்ளவர்களுக்கு ஆல்ஃபா. அதன் 51-ஆவது செரினில் பாஸ்பேட் ஏறினால் செல்லின் புரத உற்பத்தியே பொதுவாகத் தணிந்துவிடும். வைரஸ் நுழைந்தாலும், அமினோ அமிலப் பஞ்சம் வந்தாலும், ஹீம் குறைந்தாலும், புரதங்கள் தப்பாக மடங்கினாலும், பாஸ்பேட் ஏற்றும் தனித்தனிக் கைனேஸ் நொதி வந்து தொடுவது இந்த ஒரே இடத்தை.

இஐஎஃப்4இ, வயல் பக்கம்

ஒத்தக்கடை வேளாண் கல்லூரிப் பக்கம் வேலை தேட நினைப்பவர்கள், தாவர நோயியலில் ஆர்வமுள்ளவர்கள் இதைத்தான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இது தூதுவ ஆர்என்ஏவின் முன்முனையில் இருக்கும் தொப்பி என்ற அமைப்பைப் பிடிக்கும் புரதம். மனிதரில் 217 அமினோ அமிலம். 56-ஆவது, 102-ஆவது டிரிப்டோஃபான் இரண்டும் தொப்பியை நடுவில் வைத்து அமுக்கிப் பிடிக்கின்றன. பாக்டீரியாவிலும் ஆர்க்கியாவிலும் இது இல்லை. மூன்று கிளை ஒப்பீடு என்று தலைப்பு வைத்திருந்தால் இதைத் தொடவே கூடாது.

ஆனால் யூகேரியோட்டுக்குள் மட்டும் நின்று கேட்டால் இதன் கதை பெரிது. பாட்டிவைரஸ்கள் என்ற தாவர வைரஸ்கள் தம் ஆர்என்ஏவின் முனையில் ஒட்டிய ஒரு புரதத்தை வைத்து இந்த இஐஎஃப்4இ-யைப் பிடித்துத் தம் வேலையை நடத்துகின்றன. மிளகாயில் பிவிஆர்2 என்ற எதிர்ப்பு மரபணு, பொட்டேட்டோ வைரஸ் ஒய் தொற்றாமல் காப்பது, உண்மையில் இஐஎஃப்4இ-யின் மாறிய வடிவம்தான் என்று 2002-ல் தெரிந்தது. ஒன்றிரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. வைரஸால் பிடிக்க முடியவில்லை, செடி தன் வேலையைத் தொடர்கிறது. மாறாமல் காக்கப்பட்ட ஒரு புரதத்தில் எந்த இடம் மாறலாம், எந்த இடம் மாறவே கூடாது என்பது இங்கே விவசாயியின் கேள்வியாகிவிடுகிறது. நெல்லிலும் இதோடு கைகோத்து வேலை செய்யும் இஐஎஃப்4ஜி-யின் மாற்றம்தான் துங்ரோ நோயின் கோளவடிவ வைரஸுக்கு எதிர்ப்புத் தருகிறது. முண்டு மிளகாய் விளையும் ராமநாதபுரம் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஜெமினி வைரஸால் வரும் இலைச்சுருட்டைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை. வயலில் சுருண்ட இலையைப் பார்த்துவிட்டு இந்த மரபணுவைத் தேடப் போக வேண்டாம்.

இஐஎஃப்5ஏ-வைப் பற்றி ஒரு வரி: பெயரில் தொடக்கம் இருந்தாலும், அது முக்கியமாகச் செய்வது புரோலின் அடுத்தடுத்து வரும் இடங்களில் திணறி நிற்கும் ரைபோசோமை நகர்த்தும் வேலை. அழகான புரதம், பாக்டீரியாவின் ஈஎஃப்-பி அதன் சொந்தம், மூன்று கிளையிலும் உண்டு. ஆனால் "தொடக்கம்" என்று தலைப்பில் போட்டுவிட்டு இதை எடுத்தால் வைவாவில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

முடிவு எடுக்க

லேப்டாப் மட்டுமே துணை, முதல் ஆய்வு, மூன்று கிளை ஒப்பீடு வேண்டும் என்றால் ஐஎஃப்2 – இஐஎஃப்5பி. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. இலை பறிக்கவும் ஜெல் ஓட்டவும் ஆசை, கைடும் பிரைமர் செலவுக்கு ஒத்துக்கொள்கிறார் என்றால் பசுங்கணிக ஐஎஃப்1. வேளாண்மைப் பக்கம் போகிறவர் இஐஎஃப்4இ எடுத்து, யூகேரியோட்டுக்குள் மட்டும் என்று தலைப்பிலேயே எல்லை போட்டுவிடட்டும். இஐஎஃப்2 நடுத்தரம்: திருப்பித் தேடும் முறையை ஒழுங்காகச் செய்கிறவருக்குச் சரி. ஐஎஃப்3-யும் இஐஎஃப்1-உம் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் ப்ராஜெக்டாக இருந்தால் நன்றாக வரும். ஒருவர் அமைப்பு பார்க்க, இன்னொருவர் பல உயிர்களில் அந்த ஏயூயூ தொடக்கமும் பலவீனமான ஏயூஜியும் எவ்வளவு தூரம் தொடர்கின்றன என்று தேடலாம். அந்தத் தேடலுக்கு மரபணு வரிசைகளும் பொறுமையும் போதும்.

எதை எடுத்தாலும் உயிரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். பாலூட்டிகள் பத்து, ஆர்க்கியா ஒன்று என்று போட்டால் மரம் பாலூட்டிகளைப் பற்றித்தான் பேசும். ஈ.கோலை, பேசில்லஸ் சப்டிலிஸ், தெர்மஸ் தெர்மோஃபிலஸ் ஒரு பக்கம். மீத்தேன் ஆர்க்கியா, உப்பு ஆர்க்கியா, சல்ஃபோலோபஸ் ஒரு பக்கம். ஈஸ்ட், நெல், மனிதர் ஒரு பக்கம் என்று ஆரம்பியுங்கள். வரிசைகளை யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் கையால் சரிபார்க்கப்பட்ட பதிவுகளிலிருந்து எடுங்கள். பதிவு எண்ணையும் இறக்கிய தேதியையும் அன்றைக்கே ரெக்கார்டில் எழுதிவையுங்கள். தலைப்பைப் பதிவு செய்யும் முன்பு என்னைப் பார்க்க வருகிறவர்கள், பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியோட் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வரிசையை அடுக்கி, ஒரே ஒரு தாளில் அச்செடுத்துக் கொண்டுவாருங்கள். எந்த எழுத்துகள் நேர்கோட்டில் நிற்கின்றன, அவை புரதத்தில் என்ன வேலை செய்கின்றன என்று அதைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் தலைப்பை அன்றைக்கே முடித்துவிடலாம்.